ஐடிலிங்கில் நிற்காத வண்டியை நிற்க வைத்தவர்களுக்கு நன்றி

டிம்மின்ஸ், வடக்கு ஒண்டாரியோ

அன்புள்ள எல்லோருக்கும்,

ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓட்டும் வண்டி, சரியாகிவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால், அதாவது ஐடிலிங்கில், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று என்பது) 1,800-க்கு வந்து நிற்கிறது, அணைவதில்லை. பார்க்கிறபோதெல்லாம் "ஸ்னோமொபைல் என்ன ஆச்சு" என்று கேட்டீர்கள், கேட்டதோடு நிற்காமல் ஆளுக்கொரு வேலையும் செய்து கொடுத்தீர்கள், அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

வண்டி பழசு, இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், இரட்டைக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தருவது). குளிரில் ஸ்டார்ட் செய்ய பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை மூடினால் இருமி இருமி அணையும். சூடேறிய பிறகு நேர்மாறாக, ஆக்சிலேட்டரை விட்டாலும் 3,000-க்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்துவிட்டு மெதுவாக இறங்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் கிளட்ச் பிடித்து வண்டி தானாக நகர்ந்துவிடும், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

முதல் நன்றி சட்பரியில் சுரங்க வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருக்கும் அண்ணனுக்கு. நாமக்கல் லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். ஐடிலிங் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டால் போதும் என்று பலர் சொன்னபோது, போனிலேயே "ஸ்க்ரூவைத் தொடாதே, அது கடைசி" என்று நிறுத்தினீர்கள். காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதானே உள்ளே போகிறது, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினீர்கள் அண்ணே. என்ஜினைக் காப்பாற்றியது அந்த ஒரு பேச்சு.

அப்புறம் எதிர்வீட்டுப் பெரியவர். மைனஸ் 30 குளிரில், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை எடுத்துக்கொண்டு வந்தீர்கள் ஐயா. இரண்டு சிலிண்டரும் 120 பிஎஸ்ஐ பக்கத்திலேயே காட்டின, பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் என்ஜினைப் பிரிக்க வேண்டாம் என்று தெரிந்தது. பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம்: ஒன்று காப்பிக் கலர், கிளட்ச் பக்கத்தது மட்டும் வெளுத்துப் போயிருந்தது. காற்று கூடுதலாக உள்ளே போவது அந்தப் பக்கம்தான் என்று அங்கேயே கை காட்டிவிட்டீர்கள்.

கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பாக பிசின் மாதிரி படிந்திருந்தது. கோடை முழுக்க உள்ளே கிடந்து கெட்ட பெட்ரோல். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது, அதில் வெளிச்சமே தெரியவில்லை. தடித்த கம்பியை விட்டுக் குடைந்தால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். பெரியவரின் பேத்தி தன் கிதாரிலிருந்து கழற்றிய மிக மெல்லிய பழைய தந்தியைக் கொண்டு வந்து கொடுத்தாள், கிளீனரில் ஊறவைத்து அதை மெதுவாக விட்டு எடுத்தபோதுதான் ஊசிமுனை அளவுக்கு வட்டமாக வெளிச்சம் வந்தது. மகளே, உனக்குத் தனியாக ஒரு நன்றி.

அதோடு சோக் இல்லாமலே அணையாமல் ஓடியது, ஆனால் ஆர்பிஎம் இறங்காமல் தொங்குவது மட்டும் போகவில்லை. சிலிண்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி வளைத்துப் பார்க்கச் சொன்னவர் பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் இருக்கும் அக்கா. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வளைத்தால் அடிப்பக்கம் விரிசல் வாயைத் திறக்கிறது, காற்று புகுந்தது அந்த வழியாகத்தான்! கிராங்க் சீல் (என்ஜினுக்குள் காற்று புகாமல் தடுக்கும் வளையம்) போயிருந்தாலும் இதே அறிகுறிதான், ஆனால் அது பெரிய செலவு, அதனால் மலிவானதை முதலில் பார் என்று அவர் சொன்னது வியாபாரத்துக்காகச் சொன்னதில்லை. பழைய மாடலுக்கான அந்த ரப்பர் குழாயை எங்கெங்கோ தேடி வரவழைத்தும் கொடுத்தார்.

கடைசியாக, அண்ணன் சொன்ன வரிசைப்படி, ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார்புரேட்டருக்குள் எழும்பி வழிவிடும் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகிறதா என்று பார்த்து கேபிளைச் சரிசெய்து, ஐடிலிங்கில் காற்றின் அளவை வைக்கும் ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வைத்து, அதற்கப்புறம்தான் ஐடில் ஸ்க்ரூவைத் தொட்டோம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வசந்தத்தில் வண்டியை மூடி வைக்கும் முன் இரண்டு கிண்ணத்திலும் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடப் போகிறேன். ஐயா, உங்கள் வண்டியையும் அன்றைக்கே இங்கே கொண்டு வந்துவிடுங்கள், சேர்த்தே செய்துவிடலாம்.