கழற்றிய ஜெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்

எங்கள் பகுதிக்குக் குழாய் எரிவாயு கொண்டுவரும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். சென்னைப் புறநகரில் 28 வருடமாக கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறேன். நீங்கள் தெருவைத் தோண்டிக் குழாய் பதித்துக்கொண்டு வருவதைப் பார்த்து, “உன் பொழப்பு போச்சுய்யா” என்று டீக்கடையில் கேலி செய்கிறார்கள். அதெல்லாம் போகாது. எந்த கேஸாக இருந்தாலும் பால் பொங்கி பர்னரில் வழியத்தான் போகிறது. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

போன மாதம் ஓர் அம்மா ஆட்டோவில் அடுப்பைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். குழாய் கேஸ் இருந்த ஒரு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் பக்கம் குடிவந்தவர். இங்கே சிலிண்டர்தான். மாட்டிப் பற்றவைத்ததும் தீ மஞ்சளாக முழங்கை உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. நெற்றி முடி கருகிய வாடை கடை வரைக்கும் வந்தது. அடுப்பைக் கவிழ்த்து, பர்னருக்கு கேஸ் விடும் ஜெட்டைக் கழற்றி, டியூப்லைட் பக்கம் தூக்கிப் பார்த்தேன். ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதுவும் டிரில் பிட்டைக் கையால் திருகி, ஓரமெல்லாம் பிசிறோடு. இணைப்பு கொடுக்க வந்த ஆள் புது ஜெட் போடாமல், இருந்ததையே குடைந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெட் என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு. நடுவில் ஊசிமுனை ஓட்டை. அடுப்பின் மொத்த சூட்சுமமும் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவு எடுத்துக்கொண்டால் சிலிண்டர் கேஸில் மீத்தேனைவிட இரண்டரை மடங்குக்கு மேல் சூடு இருக்கிறது. போதாததற்கு அழுத்தமும் வேறு: சிலிண்டர் ரெகுலேட்டர் விடுவது சுமார் 30 மில்லிபார், வீட்டுக் குழாயில் 21. அதனால் குழாய் கேஸுக்கு ஓட்டை பெரிதாக இருந்தே ஆகவேண்டும். சிலிண்டர் ஜெட்டில் குழாய் கேஸை விட்டால் அகல்விளக்கு மாதிரி எரியும். சோறு வேகாது, திட்டிவிட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். குழாய் ஜெட்டில் சிலிண்டர் கேஸை விட்டால்தான் வினை. காற்று போதாமல் மஞ்சள் தீ, பாத்திரத்தடியில் கரி, அதோடு வாசனையே இல்லாத விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு.

அந்த கார்பன் மோனாக்சைடுதான் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் சோறு போட்டது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது என் தாத்தா கரி கேஸ் பஸ்ஸில் கிளீனர். பின்னால் ஒரு பெரிய உருளையில் கரியை அள்ளிப்போட்டு, அரைகுறைக் காற்றில் கனலவிட்டு, ஊதுகுழாய்ச் சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். பாக்கியெல்லாம் சும்மா நைட்ரஜன்தான். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும். மூடின ஷெட்டில் அந்த உருளை பக்கம் படுக்காதே என்று தாத்தாவுக்கு முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டாராம். இன்றைக்கு வீடு வீடாக இணைப்பு கொடுக்கிறவர்கள் அந்த அளவுக்காவது சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. இத்தனை வருடம் நாங்கள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, கேஸ் கசிந்தால் தரையில் தேங்கும் என்று. சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். உங்கள் கேஸ் காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கனம், மேலே ஏறிவிடும். எங்கள் சமையலறைகளில் மேலே என்ன இருக்கிறது? பரண். அதில் பழைய பித்தளைப் பாத்திரம், கொலுப் பொம்மைப் பெட்டி. வென்டிலேட்டரையோ கொசு வருகிறது, எலி வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். மீட்டர் மாட்ட வருகிறவர் ஸ்டூல் போட்டு ஏறி அந்த அட்டையைப் பிடுங்கிவிட்டு வரட்டும். காற்றில் 5 சதவீதம் மீத்தேன் சேர்ந்தாலே போதும், ஒரு சுவிட்சைத் தட்டினால் பற்றிக்கொள்ளும். இயற்கையில் அதற்கு மணமும் கிடையாது. நாற்றத்துக்கென்று மெர்காப்டன் கலந்துதான் அனுப்புகிறீர்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

“குழாயில வர்றது சாணி கேஸா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரிக்காதீர்கள், பாதி சரியான கேள்வி. இது எண்ணூருக்குக் கப்பலில் மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வந்து, இங்கே சூடாகி 600 மடங்கு விரிகிற கேஸ். சாண எரிவாயுவிலும் எரிவது அதே மீத்தேன்தான். ஆனால் அதில் மீத்தேன் பாதியும் கொஞ்சமும்தான், மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அதனால் அந்த அடுப்புக்கு ஓட்டை இன்னும் பெரிதாக வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் மாடு வைத்திருந்த நாலைந்து வீடுகளுக்கு நானே அப்படி அடுப்பு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து மாட்டை விற்றுவிட்டு சிலிண்டருக்குப் போனவர்கள் உண்டு. அதற்காகவே பழைய ஜெட்டை ஒரு துணியில் முடிந்து அடுப்பின் காலில் கட்டிவைத்துவிட்டு வருவேன்.

உங்களிடம் கேட்பதும் அதுதான். ஜெட்டைக் குடையாதீர்கள், குழாய் கேஸுக்கென்று அளவெடுத்துச் செய்த ஜெட் போடுங்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் வீட்டுக்காரர் கையில் கொடுங்கள். அடுப்பின் பக்கத்தில் எண்ணெய்க்கும் பாத்திரச் சோப்புக்கும் அழியாத மாதிரி, ‘இது குழாய் எரிவாயுவுக்கு மாற்றப்பட்டது, சிலிண்டரில் மாட்டாதீர்கள்’ என்று தமிழில் ஒட்டுங்கள். குழாய் சொந்த வீட்டோடு இருக்கும், அடுப்பு வாடகைக்காரரோடு போய்விடும். உங்கள் படிவத்தில் இணைப்பு எண் இருக்கிறது, மீட்டர் எண் இருக்கிறது, அடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் இணைப்பு கொடுக்கத் தொடங்குவதாகச் சொன்னார்கள். எந்த பர்னருக்கு எந்த ஜெட் நம்பர் போடுகிறீர்கள் என்ற பட்டியலில் ஒரு நகல் எனக்கும் கொடுத்தனுப்புங்கள். கடை காலை ஒன்பதரைக்குத் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓர் அடுப்பு மெக்கானிக்