அந்த டிலீட்டை உடனே மாற்று

மச்சானுக்கு,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, கோபிக்காதே. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. வெள்ளவத்தையில் மழை விட்டபாடில்லை. கட்டையனுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. மற்றதெல்லாம் பிறகு.

போன வருடம் என்னிடம் ஒரு ஜாங்கோ (பைதனில் இணையத்தளம் கட்டும் கருவி) கோட் வாங்கினாயே, அதில் பிழை இருக்கிறது. பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியவன் நீ, அதையும் அப்படியே ஒட்டியிருப்பாய்.

இங்கே ஒரு டியூட்டரிக்கு (டியூஷன் நிலையம்) செய்தது அது. மாணவரின் பதிவை அழித்தால் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேனும் போக வேண்டும். 1.3 பதிப்பு வந்ததிலிருந்து, பதிவை அழித்தாலும் ஜாங்கோ அதன் கோப்பைத் தானாக அழிப்பதில்லை. அதனால் மாடலின் (பதிவு எப்படி இருக்கும் என்று வரையறுக்கும் கோட்) டிலீட் ஃபங்ஷனுக்குள் அந்த வேலையை எழுதினேன். ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

போன கிழமை ஒரு தாய் வந்தார். மகளின் விவரங்களை எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ மாதம். பழைய லிங்கை அழுத்தினால் அவருடைய போனில் சான்றிதழ் அப்படியே திறக்கிறது. "தம்பி, அழிச்சிட்டம் எண்டு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

நடந்தது இதுதான். அலுவலகத்தில் அட்மின் பக்கத்தில் பலரை ஒன்றாகத் தெரிவுசெய்து அழித்திருக்கிறார்கள். அப்போது ஓடுவது குவெரிசெட்டின், அதாவது பல பதிவுகளை ஒன்றாகக் கையாளும் தொகுதியின், டிலீட். நாம் எழுதிய டிலீட்டை அது கூப்பிடுவதே இல்லை. குடும்பப் பதிவை அழிக்கும்போது காஸ்கேடில், அதாவது அதோடு சங்கிலிபோலச் சேர்ந்து போகும் பிள்ளைகளின் பதிவுகளுக்கும் அதே கதி. ஆனால் பதிவு அழிந்ததும் ஜாங்கோ அனுப்பும் போஸ்ட் டிலீட் சிக்னல் இந்த இரண்டு வழியிலும் வரும். கோப்பு அழிக்கும் வேலையை அதற்கு மாற்று. டேட்டாபேஸில் நேராக எஸ்கியூஎல் கட்டளையால் அழித்தால் மட்டும் அந்தச் சிக்னலும் வராது.

அப்புறம், சிக்னல் வந்த கையோடு கோப்பை அழித்துவிடாதே. ட்ரான்ஸாக்ஷன் (ஒன்றாக முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுதி) முறிந்தால் பதிவு திரும்பி வரும், கோப்பு வராது. மாற்றம் உறுதியான பிறகே ஓடும் ஆன் கமிட்டுக்குள் போடு.

ஏற்கெனவே தங்கிப்போனவற்றையும் தேட வேண்டும். கோப்புறையில் இருப்பதை டேபிளில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். யாருக்கும் சொந்தமில்லாமல் எத்தனை பிள்ளைகளின் சான்றிதழ்கள் கிடந்தன தெரியுமா! அழிக்கக் கேட்கும் உரிமை இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நீ போட்டிருப்பதோ கிளினிக் ஒன்றுக்கு. அங்கே கிடப்பது நோயாளிகளின் ரிப்போர்ட்.

இன்றைக்கே பார். மாற்றியதும் எத்தனை மணியானாலும் கோல் எடு, முழித்திருப்பேன்.

உன் நண்பன்