கயலுக்கு: அந்தப் படம் போனில் ஏன் பொருந்தவில்லை

அன்புள்ள கயல்,

இந்தக் கடிதம் முறுக்கு டப்பாவுக்குள் வருகிறது. எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் படி. ஸ்டுடியோ பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். இன்னும் நாலு புத்தகம் மிச்சம் கிடக்கிறது, எதற்காவது தீரட்டும். வாட்ஸாப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. உன் போன் வால்பேப்பரைப் பற்றித்தான்.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, கொல்லையில் நீ தலை காயவைத்துக்கொண்டிருந்தபோது உன் போன் ஊஞ்சல் பலகையில் கவிழ்ந்து கிடந்தது. மணி அடித்தது, கொண்டுவந்து கொடுக்கலாம் என்று எடுத்தேன். உன் ஆபீஸ் நம்பர். நான் வாசல்படி தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. அப்புறம்தான் திரை தெரிந்தது. கடையில் வாங்கும்போதே இருக்குமே, ஊதாவும் நீலமுமாக அலை அலையாக, அந்தப் படம். உங்கள் கல்யாணப் படத்தைக் காணோம். போன தீபாவளிக்குப் பழைய போனில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புது போனில் பொருந்தவில்லை, அதனால் எடுத்துவிட்டாய். அப்படித்தான் இருக்கும். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை, அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் களைந்தாள்.

பொருந்தாததற்குக் காரணம் இருக்கிறது, கேள். முப்பது வருஷத்துக்கு மேல் படத்தை வெட்டிப் பிழைத்தவன் சொல்கிறேன். உன் புது போன் திரை 20:9, அதாவது நெடுக்கே 20 பங்கு, குறுக்கே 9 பங்கு, என்னுடையதும் அதேதான். குறுக்கே 1080 புள்ளி (பிக்சல்), நெடுக்கே 2400. உங்கள் படம் 3:2, அகலவாட்டில் எடுத்தது, 6000-க்கு 4000. உயரத்தை முழுசாக வைத்துத் திரையை நிரப்பினால், 6000 அகலத்தில் 1800-தான் தெரியும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அகலத்தை முழுசாக வைத்தால் படம் 1080-க்கு 720 ஆகச் சுருங்கி நடுவில் ஒரு பட்டையாக நிற்கும். மேலே 840 கருப்பு, கீழே 840 கருப்பு. துக்க வீட்டு அறிவிப்பு மாதிரி இருக்கும், அதை யார் வைப்பார்கள்?

இது புதுத் தலைவலி இல்லை. பிலிம் நாளிலேயே உண்டு. நெகட்டிவ் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதற்கு 6-க்கு 4 அங்குலக் காகிதம் அச்சாகப் பொருந்தும். 7-க்கு 5 கேட்டால் ஓரம் கொஞ்சம் போகும். 10-க்கு 8 பிரேம் போட்டுக் கொடு என்பார்கள், நன்றாகவே போகும். அப்புறம் சண்டைக்கு வருவார்கள், எங்கள் மாமா கையைக் காணோம் என்று. அதனால்தான் குரூப் படத்தில் ஓரத்துக்கு யாரை நிறுத்துவது என்று நான் யோசித்து நிறுத்துவேன். பெரும்பாலும் பங்காளிகள்தான் ஓரம். சிரிக்காதே, தொழில் அது.

போன் மட்டும் 2017 வரை ஓரளவு ஒழுங்காக இருந்தது. பெரும்பாலும் 16:9. அந்த வருஷம்தான் 18:9, 18.5:9 என்று முருங்கைக்காய் மாதிரி நீள ஆரம்பித்தன. நீ கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வாங்கியது பழைய ரகம், 720-க்கு 1280. ஏழு வருஷம் வைத்திருந்தாய். அந்தச் சிக்கனம் என்னிடமிருந்து வந்தது, அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்தப் போனில் இன்னொரு வசதியும் இருந்தது. வால்பேப்பரைத் திரையைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்கு வைத்துக்கொள்ளும், விரலால் பக்கத்தைத் தள்ளத் தள்ளப் படமும் நகரும். முதல் பக்கத்தில் நீ நிற்பாய், கடைசிப் பக்கத்தில் மாப்பிள்ளை நிற்பார். 2018 ஆடியில் நீ அதைத் தள்ளித் தள்ளி எனக்குக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? "பாருங்கப்பா, தேடிப்போய்ப் பார்க்கவேண்டியிருக்கு இவரை" என்றாய். மாப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார். புது போன் அப்படி நகர்த்தவில்லை போலிருக்கிறது. நட்டது நட்டபடி நிற்கிறது.

மாப்பிள்ளையுடையது ஐபோன்தானே. அதில் ஐஓஎஸ் 17 என்ற மென்பொருள் வந்ததிலிருந்து, மேலே இடம் போதாத படத்துக்குத் தலைப்பகுதியை அதுவே மங்கலாக நீட்டிக்கொள்கிறது. அவர் போனில் என்ன படம் இருக்கிறது?

சும்மா கேட்டேன்.

சரி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில், வாட்ஸாப்பில் வந்த படத்தை வால்பேப்பர் வைக்காதே. அது சாதாரணமாக நீளப் பக்கத்தை ஏறக்குறைய 1600-க்குச் சுருக்கித்தான் அனுப்பும், உயரம் 1066 ஆகிவிடும். அதை 2400-க்கு ஊதினால் முகம் மாவு பூசின மாதிரி ஆகும். நான் மூலப்படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புகிறேன், அப்படியே இறக்கிக்கொள். இரண்டாவது, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதே. உன் பெரிய அத்தை அப்படித்தான் வைத்திருக்கிறாள், சாமி படத்துக்கு மேலேயே பேட்டரி எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. மூன்றாவது, இழுக்காதே. பொருந்தவில்லை என்று நெடுக்காக இழுத்தால் ஆள் கழி மாதிரி ஆகிவிடுவான். இழுத்துப் பொருத்துவது பொருத்தம் இல்லை.

மேல் மூன்றில் ஒரு பங்கை மணியும் தேதியும் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதியை ஐகான்கள் பிடித்துக்கொள்ளும். ஆகவே முகம் நடுவுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். 1080-க்கு 2400 வெற்றுப் பலகை ஒன்று போட்டு, படத்தை அதில் இறக்கிவைத்து, மிச்ச இடத்தை அதே படத்தின் பெரிதாக்கி மங்கலாக்கிய பிரதியால் நிரப்பலாம். கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 36 அங்குலத் தாள் நிரப்ப நாங்கள் செய்த வேலைதான். ஸ்னாப்சீட் என்ற ஆப்பில் எக்ஸ்பாண்ட் என்று ஒன்று இருக்கிறது, ஓரத்தில் உள்ளதைப் பார்த்து அதுவே மேலே வளர்த்துக்கொடுக்கும். முயன்று பார்த்தேன், உன் தலைக்கு மேல் இன்னொரு நெத்திச்சுட்டி முளைத்தது. காரணம், நான் தலைக்கு மேல் இடமே விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாட்ஸாப் படத்தை வைக்காதே என்று சொன்னேனா? சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவாய், இப்போது குரல் மட்டும்தான் வருகிறது. நெட் சரியில்லை என்கிறாய், இருக்கட்டும். அம்மாவுக்குப் பார்வை மங்கவில்லை, அவள் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான். அசிஸ்டன்ட் மேனேஜர் ஆனதைக்கூட மூன்று நாள் கழித்துச் சொன்னாய். நான் தேரடி வரை நடந்துபோய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் தலைமுறையில் பெண்பிள்ளை ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நாலு பேரில் இரண்டு பேர் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றார்கள். நன்றாக இருக்கிறார் என்றேன். ஆடிட் வேலை, பொங்கலுக்கு வரமுடியவில்லை என்றேன்.

மொத்தமாக ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அளந்து பார்த்தேன். திரையில் தெரிவது 1800 புள்ளி. உன் மூக்குத்திக்கும் மாப்பிள்ளை மூக்குக்கும் நடுவே 2100. எப்படி நகர்த்தினாலும் இரண்டு பேரும் வரமாட்டீர்கள். நீ வந்தால் அவர் இல்லை, அவர் வந்தால் நீ இல்லை. போன் தானாக நடுவில் வெட்டினால், இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது, நடுவில் மண்டபத்துச் சாமந்திச் சரம். அதையா வால்பேப்பர் வைப்பாய்?

போன வாரம் ஒரு நாள் தூக்கம் வரவில்லை. மாடிக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். உன்னைத் தனியாக, அவரைத் தனியாக வெட்டி எடுத்து, அவரை 900 புள்ளி இந்தப் பக்கம் நகர்த்தினேன். பத்து நிமிஷ வேலை. மாலை விளிம்பில் பூவிதழ்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், பின்னால் சாமந்திச் சரத்தை ஒட்டுப்போட்டேன். 20:9-க்கு அழகாக உட்கார்ந்தது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. குடை லைட் வலது பக்கம் வைத்திருந்தேன். அவ்வளவு கிட்டத்தில் நின்றிருந்தால் உன் தோளில் அவர் நிழல் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. நிழலையும் வரைந்திருப்பேன், என்னால் முடியும். கை போகவில்லை. அழித்துவிட்டேன்.

கயல், தப்பு படத்தில்தான். படம் நான் எடுத்தது.

கல்யாணத்தன்று நானே கேமராவை எடுத்துக்கொண்டதை ஊரே மெச்சியது. அப்பாவே படம் எடுக்கிறார், என்ன கொடுப்பினை என்றார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாயோ என்னவோ. மேடையில் மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்றுதான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் நீ பிடிவாதமாக இருந்தாய், நான் இறங்கிவந்தேன், அது வரைக்கும் சரி. ஆனால் முகத்தில் இறங்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், அந்தச் சௌகரியம் எனக்கு வேண்டியிருந்தது. உன் ஆல்பத்தில் நான் ஒரு படத்தில்கூட இல்லை, கவனித்திருப்பாய்.

இந்த ஊரில் எத்தனை ஜோடிக்குச் சொல்லியிருப்பேன்! பொண்ணு கொஞ்சம் இந்தப் பக்கம் வாம்மா, மாப்பிள்ளை கூச்சப்படாதீங்க, இன்னும் ஒட்டி நில்லுங்க, தோள் படட்டும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னேன். உங்களுக்குச் சொல்லவில்லை. வாயில் வந்தது, வெளியே வரவில்லை. நீ இரண்டு தடவை என்னைப் பார்த்தாய். எப்படி நிற்க என்று கேட்கிற பார்வை. மாப்பிள்ளை தானாக அரை அடி உன் பக்கம் எடுத்துவைத்தார். அதற்குள் நான் அமுக்கிவிட்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார், அவர் கால் தெரியாது, ஆனால் தோள் சாய்ந்திருக்கும். நகர்ந்துகொண்டிருக்கும்போது எடுத்தது. அடுத்தது எடுக்கலாமா அப்பா என்றாய். போதும் என்றேன். தலைக்கு மேல் இடம் விடவில்லை, பக்கத்தில் விடவில்லை, நெடுக்காக ஒன்றுகூட எடுக்கவில்லை. கத்துக்குட்டி எடுத்திருந்தால் திட்டியிருப்பேன்.

அதை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் தள்ளித் தள்ளிப் பார்த்தாய்.

வேறு செய்தி எதுவும் இல்லை. தென்னைக்குக் கூன்வண்டு. மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, கட்டிலும் போட்டாயிற்று, உனக்காக என்று இல்லை, சும்மா கிடந்தது. கேமராவைத் துடைத்து வைத்திருக்கிறேன், லென்ஸில் பூஞ்சை இல்லை. சித்திரையில் நாலு நாள் லீவு சேர்ந்து வருகிறதாம். வா. அவரும் வந்தால், கிட்டே நிற்கச் சொல்லி நெடுக்காக எடுக்கிறேன், தலைக்கு மேல் நல்ல இடம் விட்டு. தனியாக வருகிறதென்றாலும் வா. தனியாக நிற்பவருக்கு நெடுந்திரை கணக்கே பார்க்க வேண்டாம், வெட்டாமல் முழுசாக வருவாய். ஏன் என்று நான் கேட்க மாட்டேன். அம்மா கேட்பாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பஸ் டிக்கெட் நான் போடுகிறேன், தேதி மட்டும் சொல். முறுக்கு டப்பா மூடியோடு திரும்பி வரவேண்டும், போன தடவை மூடி வரவில்லை.

அப்பா