"சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்ற அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் தோல் அரிப்பு பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. பொடுகு, வேர்க்குரு, சேற்றுப்புண், விரல் இடுக்கில் வரும் சிரங்கு என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு நன்றாகவே விளக்கியிருந்தார்கள். கடைசிப் பத்தியில் மட்டும், "அந்தரங்கப் பகுதியில் அரிப்பு இருந்தால் அவ்விடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும்" என்று ஒரே ஒரு வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழு ஆண்டுகள் அந்த வரியை நம்பிக் கெட்டவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு இப்போது 63 வயது. ஊர் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த். பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் ஆப்பரேட்டராக இருந்தேன். 2015-இல், மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து, பெண்ணுறுப்பின் வெளிப்பக்கத்தில் அரிப்பு தொடங்கியது. முதலில் இரவில் மட்டும்தான். படுத்துக் கண் அசரும் நேரம் பார்த்து வரும். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து குளியலறையில் குந்தி, பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பேன். தண்ணீர் படும்வரைதான் நிம்மதி. துடைத்ததும் மறுபடியும் தொடங்கிவிடும்.

அப்புறம் பகலிலும் வந்தது. தொழிற்சாலையில் தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடை போட்டுக்கொண்டு, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை எங்களுடையது. கழிவறைக்குப் போவதென்றால் அத்தனையும் கழற்றி, திரும்ப மாட்டி வர வேண்டும். லைனில் ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் கேட்பார். காலோடு கால் சேர்த்து இறுக்கிப் பிடித்தபடி 12 மணி நேர ஷிப்டை ஓட்டியிருக்கிறேன். பஸ் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேருவதற்குள் உட்காரவே முடியாமல் போய்விடும்.

நான் சுத்தம் இல்லாதவளா? அந்தக் கேள்விதான் என்னை அரித்தது. வாளித் தண்ணீரில் டெட்டால் ஊற்றிக் கழுவினேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிக் கழுவினேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று உப்புத் தண்ணீர். கடையில் பூப்படம் போட்டு விற்கிற பெண்களுக்கான வாஷ் பாட்டில் பாட்டிலாக வாங்கினேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை சோப்புப் போட்டுக் கழுவிய காலம் உண்டு. கழுவக் கழுவத் தோல் வறண்டு வெடித்தது. சிறுநீர் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. எரிகிறதே, இன்னும் அழுக்கு இருக்கிறது போலும் என்று மறுபடியும் கழுவினேன்.

2018 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். 513 படிகள். வியர்வையும் உராய்வும் சேர்ந்து, பாதிப் படியிலேயே கால் எடுத்து வைக்க முடியவில்லை. குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். மூட்டுவலி என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

டாக்டரைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், மூன்று தனியார் கிளினிக்குகளில். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பேச்சில் ஒரு பெண்ணைப் பார்த்து "அரிப்பெடுத்தவள்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மலாயிலும் இதே கதைதான். "காத்தால்" என்றால் அரிப்பு; ஆம்பளைக்கு அலைபவள் என்று பெண்ணைத் திட்டுவதற்கும் அதே சொல்தான். என் மகன் வயது டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எந்த மொழியில், எந்த வாயால் அந்தச் சொல்லைச் சொல்வது? "கீழே கொஞ்சம் எரிச்சல் டாக்டர்" என்றேன். ஒருவர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் சர்க்கரை பார்த்தார், சர்க்கரை இல்லை. பூஞ்சை என்று களிம்பு எழுதினார். மூன்றாமவரும் அதே களிம்புதான். காட்டுங்கள், பார்க்கிறேன் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. பாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. அந்தக் களிம்பை வருடக்கணக்கில் மருந்துக்கடையில் நானே வாங்கிப் பூசினேன். பூஞ்சையே இல்லாத இடத்தில் பூஞ்சை மருந்து என்ன செய்யும்?

வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. தாம்பத்தியம் வலியாகிப்போய், குறட்டைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று காரணம் சொல்லி மகளின் அறையில் படுத்துக்கொண்டேன். அவருக்கு மனம் வருந்தியிருக்கும். கேட்கத் தெரியாத மனிதர். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

2022-இல் இரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசாங்க கிளினிக்குக்குப் போயிருந்தபோது, அங்கே இருந்த மிஸ்ஸி (தாதி), "ஆன்ட்டி, பாப் ஸ்மியர் எடுத்து எத்தனை வருசம் ஆச்சு?" என்று கேட்டார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான அந்தப் பரிசோதனையை நான் எடுத்ததே இல்லை. அடுத்த வாரம் வாருங்கள், வலிக்காது என்று பெயர் எழுதிக்கொண்டார். தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். விளக்கைத் திருப்பிப் பார்த்தவர், எடுக்க வந்த பரிசோதனையை நிறுத்திவிட்டு, "இங்க தோல் வெள்ளையா இருக்கே ஆன்ட்டி, ரொம்ப நாளா அரிக்குதா?" என்றார். அந்தச் சொல்லை அவரே சொல்லிவிட்டார். நான் அழுதுவிட்டேன். ஏழு வருடத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்.

அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நோயின் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் 1887-லேயே எழுதிவைத்த நோயாம். என் பாட்டி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒன்று, 60 வயதுவரை என் காதில் விழவே இல்லை.

டாக்டரம்மா கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார். இரண்டு பிள்ளை பெற்றவள், அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். தோல் வெங்காயச் சருகு போல வெளுத்து, மெலிந்து, சுருங்கி இருந்தது. இடையிடையே சொறிந்ததில் ஏற்பட்ட இரத்தத் திட்டுகள். உள்ளுதடுகள் தேய்ந்து பக்கத்துத் தோலோடு ஒட்டிப்போயிருந்தன. அந்த மாற்றம் இனித் திரும்பாது, மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குவதுதான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கிருமியால் வருவதில்லை, அழுக்கால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, கணவனுக்கும் ஒட்டாது. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் அதிகம். ஆண்களுக்கும் வரும், அவர்களுக்கு ஆணுறுப்பின் முன்தோல் இறுகிக்கொள்ளும். வயதுக்கு வராத சிறு பெண்குழந்தைகளுக்கும் வரும் என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிள்ளை அங்கே சொறிந்துகொண்டே இருந்தால் நாம் கையைத் தட்டிவிட்டு, "ச்சீ, கைய எடு" என்றுதானே அதட்டுவோம்? சிறுநீர் போகும்போது எரிகிறது, மலம் கழிக்க அழுகிறது என்றால் அந்தத் தாய்மார்கள் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்து மிகச் சாதாரணமானது. குளோபெட்டாசோல் 0.05 சதவீதம் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. முதல் மாதம் தினமும் இரவில், இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதத்துக்கு வர வேண்டும். அதற்குள் தீர்ந்தால் அதிகம் பூசுகிறோம் என்று அர்த்தம். நான் இதிலும் ஒரு தவறு செய்தேன். உள்ளே இருந்த தாளை மகள் படித்துவிட்டு, "அம்மா, பிறப்புறுப்பில் பூசக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்று பதறிப்போனாள். பத்து நாளில் நிறுத்திவிட்டேன். அரிப்பு திரும்பிவிட்டது. அடுத்த முறை டாக்டரம்மா கோபிக்கவில்லை. நோய் தெரியாமல் தாங்களாகவே வாங்கிப் பூசுபவர்களுக்கான எச்சரிக்கை அது, இந்த நோய்க்கு இதுதான் முதல் மருந்து, நான் அளவு பார்த்துக் கொடுக்கிறேன் என்று விளக்கினார். சரி என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது வாரம், ஒருநாள் காலையில் கண்விழித்தபோது மணி ஆறு. இரவில் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. படுக்கையிலேயே கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நோய் முழுதாகப் போய்விடவில்லை. போகாது, அடங்கி இருக்கும். வாரம் இருமுறை இன்னும் பூசுகிறேன். சோப்பு, டெட்டால், வாஷ் எல்லாம் அந்த இடத்தில் அறவே இல்லை. வாசனை சேர்க்காத ஈரப்பசைக் களிம்பைத் தடவிச் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை கழுவுகிறேன்; தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன். கழிவறைக்குப் போகுமுன் கொஞ்சம் வாசலின் தடவினால் சிறுநீர் பட்டு எரிவதில்லை. வீட்டில் கைலிதான், உள்ளாடை பருத்தியில்தான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் நைலான் ஆகாது. என்றாவது இரவில் அரிப்பு எட்டிப் பார்த்தால் ஈரத்துண்டை மடித்து வைத்துக்கொள்கிறேன், சொறிவதில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். சிகிச்சை இல்லாமல் விட்டால் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வர வாய்ப்புண்டு என்பதால், தொடர்ந்து போய்க் காட்டி வருகிறேன். ஆறாத புண்ணோ கட்டியோ தென்பட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவு மிகக் குறைவு. அந்த வாஷ் பாட்டில்களுக்குக் கொட்டிய பணத்தை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

வீட்டுக்காரரிடம் நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, "இத்தனை வருசம் ஏம்மா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். இப்போது களிம்பு பூசும் கிழமைகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பது அவர்தான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் இந்த நோயைப் பற்றி ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டு விரிவாக எழுதுங்கள். பெயரைத் தமிழிலும் மலாயிலும் போடுங்கள். வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் வைக்கட்டும். "அந்தரங்கப் பகுதி" என்று மூடி எழுதாமல் உறுப்பின் பெயரையே அச்சிடுங்கள். கிளினிக் நடத்தும் நம் டாக்டர்களும் இந்த நாளிதழைப் படிக்கிறார்கள். ஒரு பெண் "கீழே எரிகிறது" என்று இரண்டாவது முறை வந்தால், தயவுசெய்து திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மிஸ்ஸியை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மருந்து எழுதுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். மகளுக்கு இப்போதுதான் வரன் பார்க்கிறோம். இது தொற்றாத நோய் என்பது வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு