இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு நாங்கள் எங்கே போவது?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், அவர்களோடு பணிபுரியும் டயட்டீஷியன்கள், செவிலியர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவள்; இரைப்பையைச் சின்னப் பையாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிற அறுவை அது. செய்துகொண்டதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. சர்க்கரைக்கான மாத்திரைகள் நின்றன. தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது நின்றது. உங்கள் கைத்திறனைப் பற்றிக் குறை சொல்ல நான் வரவில்லை. என் குறையெல்லாம் நீங்கள் வைத்திருக்கும் காலண்டரைப் பற்றித்தான். எங்களை நீங்கள் கவனிக்கிற காலம் வேறு, எங்களுக்குச் சிக்கல் வருகிற காலம் வேறாக இருக்கிறது.

முதல் வருடம் அடிக்கடி கூப்பிடுகிறீர்கள். தையல் ஆறியதா, எத்தனை கிலோ குறைந்தது, நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகிறதா என்று டயட்டீஷியன் கணக்குக் கேட்கிறார். அந்த வருடத்தில் வரும் தொல்லைகளையும் முன்பே சொல்லித்தான் அனுப்புகிறீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும், பயப்படாதீர்கள், திரும்ப முளைக்கும் என்றீர்கள், முளைத்தது. வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் சேரலாம் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தீர்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, நன்றாக மென்று சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் சுவரிலேயே ஒட்டியிருந்தது. சரியாக மெல்லாத ஒரு துண்டு இறைச்சி நெஞ்சுக்கு நடுவே நின்றுகொள்ள, எச்சில் நுரை நுரையாகப் பொங்க, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று மட்டும் அதில் போடவில்லை. சரி, அதையெல்லாம் சுவரொட்டியில் போட்டால் யாரும் ஆபரேஷனுக்கு வர மாட்டார்கள்.

அப்புறம் எடை ஒரு இடத்தில் நின்றது. இனிமேல் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். அந்த ஒருமுறையை எனக்கு நினைவூட்ட யாரும் இல்லை. நீங்கள் என் கோப்பை மூடி வைத்த பிறகு வந்தவற்றைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக்கொண்டு நின்றேன். திடீரென்று வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கி எழுத்து கோணலாகப் போயிற்று. தொலைபேசி எண் எழுத வேண்டிய கட்டத்தில் என் சொந்த எண் எனக்கு ஞாபகம் வரவில்லை. பின்னால் நின்றவர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அருகிலிருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சர்க்கரை மிகக் குறைவு என்று சொல்லிவிட்டு, "காலையிலிருந்து சாப்பிடலையா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டிருந்தேன். சாப்பிட்டதால்தான் வந்தது. அதை அங்கே இருந்தவர்களுக்குப் புரிய வைக்கிற அளவுக்கு எனக்கே அப்போது விவரம் தெரியாது.

இது உங்களுக்குப் புதிது இல்லை. பைபாஸுக்குப் பிறகு உணவு அந்தச் சின்னப் பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலுக்குப் போகிறது. மாவும் இனிப்பும் சட்டென்று இரத்தத்தில் ஏற, உடம்பு பதறிப்போய்த் தேவைக்கு மேல் இன்சுலினைக் கொட்டுகிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் சர்க்கரை சரிந்துவிடுகிறது. சாப்பிட்ட அரைமணிக்குள் வரும் படபடப்பு, வயிற்றுப்போக்கு பற்றி ஆரம்பத்திலேயே எச்சரித்தீர்கள். அதற்கு டம்பிங் என்று பெயர் என்றும் சொன்னீர்கள். ஆனால் இந்தத் தாமதமான சரிவு பெரும்பாலும் ஒரு வருடம் கழிந்த பிறகுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் எங்களை யாரும் கேட்பதில்லை. இனிப்பான பானம் குடித்தால் உடனே தெளியும் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு விட்டுவிட்டால் மறுபடி சரியலாம், கூடவே கொஞ்சம் புரதமும் சேர வேண்டும் என்பதை நான் உங்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. என்னைப் போல அவதிப்பட்ட இன்னொருவரிடம்தான் கற்றேன்.

அடுத்தது குடி. இதைப் பேச உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். பைபாஸ் செய்துகொண்டவர் குடித்தால் மது முன்பைவிட வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது, உச்சமும் அதிகம். ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸாக வேலை செய்யும். அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. மதுவால் சிக்கலில் இருந்தவர்கள் அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம், முதல் ஆண்டில் 7.3, இரண்டாம் ஆண்டில் 9.6. முதல் ஆண்டைப் பார்த்துவிட்டு யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால், ஏறிய இரண்டாம் ஆண்டைக் கோட்டை விட்டிருப்பார். என்னிடம் மதுவைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு தடவை, அறுவைக்கு முன்னால், படிவத்தில் டிக் அடிக்கிற கட்டமாக.

குடிக்காதவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. துக்கம் வந்தாலும் கோபம் வந்தாலும் சாப்பாட்டைத் தேடிப் போனவர்கள் எங்களில் நிறையப் பேர். அந்தக் கதவைக் கத்தியால் மூடியாயிற்று, துக்கம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. சிலர் பொருள்களாக வாங்கிக் குவிக்கிறார்கள், சிலர் சூதாடுகிறார்கள், சிலர் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். 2007-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வை நீங்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவீர்கள். அதே பருமனோடு அறுவை செய்துகொள்ளாதவர்களைவிட, பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் மொத்த மரணம் 40 சதவீதம் குறைவு, சர்க்கரை நோயால் வரும் மரணம் 92 சதவீதம் குறைவு. உண்மைதான், நானும் அந்த நம்பிக்கையில்தான் படுத்தேன். அதே ஆய்வில் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் நேர்ந்த மரணங்கள் 58 சதவீதம் அதிகம் என்றும் இருக்கிறது. அந்த வரி உங்கள் கையேடுகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை, இரண்டாம் மூன்றாம் வருடங்களில் மனநல ஆலோசகர் ஒருவர் எங்களைப் பார்ப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

வீட்டுக்குள்ளும் மாறுகிறது. ஸ்வீடனில் நடந்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. தனியாக இருந்தவர்களிடம் புதிய உறவுகளும் திருமணங்களும் கூடின, ஏற்கெனவே துணை இருந்தவர்களிடம் பிரிவுகள் கூடின. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துப் பழகியவள் ஒருநாள் "முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறாள், கேட்டுப் பழகாத காதுக்கு அது கஷ்டமாக இருக்கிறது. வெளியே இன்னொரு வேடிக்கை. முன்பு கண்ணில் படாதது போலக் கடந்து போனவர்கள் இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிடுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைக்கிறார்கள் போல. எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே மனிதர்கள், அதே நான். கூடவே, "ஆபரேஷன் பண்ணிக்கிட்டா யாரு வேணா இளைக்கலாமே" என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவில் என் மூளை இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறது: இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருந்தாலும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன்.

தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வரவேற்பறைப் படங்களில் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். உடைக்குள்ளே தொங்கும் தோல், மடிப்பில் வேர்வை தங்கி வரும் புண், கை தூக்கினால் ஆடும் சதை இதெல்லாம் படத்தில் வராது. அதைச் சரிசெய்ய இன்னொரு அறுவை, எடை நிலைத்த பிறகுதான் செய்ய முடியும், செலவும் தனி. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனசையும் பணத்தையும் தயார் செய்துகொள்ளலாம்.

சத்து மாத்திரைகள் விஷயத்தில் எங்களைத் திட்டுகிறீர்கள். ஆயுள் முழுக்க என்று சொன்னோமே, ஏன் நிறுத்தினீர்கள் என்று. பி12 உடம்பில் சில வருடங்களுக்குக் கையிருப்பாக இருக்கும். நிறுத்தியவருக்கு அடுத்த மாதம் ஒன்றும் ஆவதில்லை, அடுத்த வருடமும் ஒன்றும் தெரியாமல் போகலாம். கால் மரத்துப் போகும்போது, எதனால் என்று யோசிக்கக் கூட அவருக்குத் தோன்றாது. வருடா வருடம் இரத்தம் எடுத்துப் பார்த்தால் அதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

இப்போது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். எடை கொஞ்சம் திரும்ப வரும். 1987-ல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்விலும் இதைத்தான் பார்த்தார்கள். ஒன்று இரண்டு வருடங்களில் எடை அடிமட்டத்துக்குப் போய், பிறகு மெல்ல ஏறியது. அப்படி ஏறியும், பைபாஸ் செய்துகொண்டவர்கள் 10 ஆண்டுகள் கழித்துப் பழைய எடையில் சுமார் கால்பங்கு குறைவாகவே இருந்தார்கள். நல்ல விளைவு அது. ஆனால் நீங்கள் எங்களுக்குக் காட்டுவது அடிமட்ட எண்ணை. அதனால் நான்கைந்து கிலோ ஏறியதுமே தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். வந்தால் எடை மெஷினில் ஏறச் சொல்வீர்கள், அதற்குப் பயந்து வராமலே இருந்துவிடுகிறோம். எடை ஏறியவர், மாத்திரையை நிறுத்தியவர், இரவில் தனியாகக் குடிப்பவர் என்று உங்களை மிகவும் தேவைப்படுகிறவர்கள்தான் வராமல் போகிறவர்கள். வந்துபோகிறவர்களை மட்டும் பார்த்து எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டாதீர்கள்.

வராதவரை நீங்களே கூப்பிடுங்கள். ஒரு செவிலியர் போன் செய்து, எடையைப் பற்றிக் கேட்காமல், "எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா, சாப்பிட்ட பிறகு நடுக்கம் வருதா?" என்று ஆரம்பித்தால் பாதிப் பேராவது திரும்பி வருவோம் என்று நம்புகிறேன்.

பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை கொடுங்கள். என்னென்ன அறுவை நடந்தது என்று அதில் இருக்கட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவருக்கு வயிற்றுப் புண் உண்டாக்கலாம் என்று இருக்கட்டும். முதுகு வலி என்று போனால் முதலில் எழுதித் தருவதே அதைத்தான். விடாமல் வாந்தி எடுத்து வந்தால் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும் என்று இருக்கட்டும். அந்த வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோகும், மூளையைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடிவிடும், அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும், பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதை மட்டும் அட்டைக்கு விடாமல் நேரிலேயே சொல்லுங்கள்.

அறுவைக்கு முன்பு, ஐந்தாறு வருடம் கடந்த ஒருவரோடு எங்களை ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். படத்துக்குச் சிரிக்கிறவராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். எடை கொஞ்சம் ஏறியவராக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் வருடச் செக்கப் தேதிகளையும் குறித்துக் கொடுத்துவிடுங்கள். அந்தத் தேதிக்கு நாங்கள் வரவில்லை என்றால் யார் போன் செய்வார் என்று அவருடைய பெயரையும் அதிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருத்தி