விண்வெளி ஆர்வலர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் வராததால் கோப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம். அவற்றையும் கூட்டம் என்று எண்ணலாமா என்று பொருளாளர் கேட்டார். எண்ணியிருக்கிறேன்.

பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தது. செப்டம்பர் 8 அதிகாலை முழுச் சந்திர கிரகணத்தை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து பார்த்தோம். மேகம் விட்டு விட்டுத்தான் காட்டியது. சிங்கப்பூரின் துணைக்கோள் டெலியோஸ்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு 10 ஆண்டு ஆனதையொட்டி டிசம்பரில் ஓர் உரை ஏற்பாடு செய்தோம். நன்றாக இருந்தது, வந்தவர்களுக்கு.

மற்றதைச் சுருக்கியதற்குக் காரணம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பதற்குள் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் நம் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். தொலைநோக்கியால் இங்கே அதிகம் சாதிக்க முடியாது என்று தெரிந்துதான் 2018இல் துணைக்கோள்களின் வானொலிச் சமிக்ஞையைப் பிடிக்கும் பக்கம் போனோம். பழைய திரைச்சீலைக் கம்பியில் 53 சென்டிமீட்டருக்கு இரண்டு துண்டு வெட்டி, 120 பாகையில் விரித்து, கணினியில் செருகும் சின்ன வானொலி வாங்கியான ஒரு டாங்கிளோடு இணைத்து, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வைத்தால் போதும். அமெரிக்காவின் நோவா வானிலைத் துணைக்கோள் தலைக்கு மேல் கடக்கும்போது டிக்டிக் என்று ஒரு சத்தம் வரும். அது நொடிக்கு இரண்டு கோடுகளாகப் படமாகும். சுமத்ராவின் மேல் மேகம் ஒவ்வொரு கோடாக எழும்பி வருவதை முதல் தடவை பார்த்தபோது நம்மில் யாருமே பேசவில்லை. புகைப்பிடிக்க வந்த ஒருவர்கூட நின்று பார்த்தார்.

அந்தத் துணைக்கோள்கள் இப்போது இல்லை. நோவா-18 ஜூனில் நிறுத்தப்பட்டது. நோவா-19, நோவா-15 இரண்டும் ஆகஸ்ட்டில். நோவா-15 ஏவப்பட்டது 1998இல்; 27 ஆண்டு உழைப்பு. ஆக, நம்மிடம் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளோடு இனி ஒன்றுகூடச் சேராது. இருப்பதையாவது ஒழுங்காக வைப்போம் என்றுதான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன். என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். யாரும் கேட்டுக்கொள்ளாததால்தான் ஏழு ஆண்டாக இது நடக்கவில்லை என்பதும் உண்மை.

பதிவுப் பெட்டியைத் திறந்ததும் தலை சுற்றியது. 'நோவா நல்லது', 'நோவா நல்லது 2', 'கடைசி', 'உண்மையிலேயே கடைசி' என்று கோப்புகளுக்குப் பெயர். நேரம் குறித்திருந்தாலும் அது சிங்கப்பூர் நேரமா உலக நேரமா என்று தெரியாது. ஒரு நோவா-15 படத்தில் உலக நேரம் 16.35 என்று இருந்தது. எட்டு மணி நேரம் கூட்டினால் நமக்கு நள்ளிரவு 12.35. படத்திலோ மலாக்கா நீரிணை மேல் வெயில் பளீரென்று அடிக்கிறது! ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தபின் புரிந்தது. பதிவானது காலை 8.35க்கு. மென்பொருள் தானாக எட்டு மணி நேரத்தைக் கழித்திருக்கிறது. நம் ஆள் பொறுப்பாக இன்னொரு தடவை கழித்திருக்கிறார். இதற்குச் சிரிக்க வேண்டாம். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்த அன்றே தொலைந்ததற்குக் காரணம், விசைக்கு ஒரு தரப்பு பவுண்டுக் கணக்கிலும் மறு தரப்பு நியூட்டன் கணக்கிலும் இருந்ததுதான்.

அதைவிட வருத்தம், பலர் படத்தை வைத்துக்கொண்டு மூல ஒலிப்பதிவை அழித்துவிட்டார்கள். ஒரு பதிவு சுமார் 20 எம்பிதான். ஓர் உறுப்பினர் தம் வீட்டுக் கல்யாண வீடியோவுக்கு இடம் வேண்டுமென்று இரண்டு ஆண்டுப் பதிவுகளை மொத்தமாகத் துடைத்துவிட்டார். கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், சாப்பாடு பிரமாதம். ஆனால் ஒலி இருந்தால்தான் புதிய மென்பொருளில் மறுபடி தெளிவான படம் எடுக்க முடியும். அப்போலோ-11 நிலவு நடையின் மூல ஒளிபரப்பு நாடாக்களையே நாசா அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டது என்பதால், இவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

"இணையத்தில் சென்டினல்-2 துணைக்கோள் படம் பத்து மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, நம்முடைய நான்கு கிலோமீட்டர் படம் எதற்கு?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய விண்வெளி நிறுவனங்களின் தரவுக் கிடங்குகளுக்கு வரும் எல்லா நோயும் நம் சின்னப் பெட்டிக்கும் வந்திருக்கிறது. வைத்தியம் பழக இதைவிட வசதியான நோயாளி கிடைக்காது.

ஆகவே ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். இந்தத் தரவைச் சரிபார்க்க, விவரம் சேர்க்க, பிறரோடு பகிர, சேர்ந்து செய்யக்கூடிய ஆய்வு யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்று. நான்கு பதில் வந்தது.

முதலாவது: "ஏஐ வைத்துச் செய்யலாமே." அவ்வளவுதான். எதைச் செய்வது என்று எழுதவில்லை.

இரண்டாவது, எழுபதுகளில் கணினிக்குத் தரவு ஊட்டும் துளை அட்டைகளோடு வேலை பார்த்த நம் மூத்த உறுப்பினரிடமிருந்து. அவர் எழுதவில்லை, தேக்கா சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "தம்பி, படத்தைத் தனியா, விவரத்தைத் தனியா வச்சா ரெண்டும் ஒரு நாள் பிரிஞ்சு போகும். பொட்டலத்து மேலயே எழுதிடணும்." வீட்டுக்கு வந்து பார்த்தால் வானியலாளர்கள் 1981இலேயே இதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியில் யார் எடுத்தது, எப்போது, எந்தக் கருவி என்ற விவரமெல்லாம் படத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு வரிக்கு 80 எழுத்து. துளை அட்டையின் அதே 80. அண்ணனிடம் சொன்னேன். "அப்புறம் என்ன?" என்று காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நம் இளைய உறுப்பினரிடமிருந்து. துணைக்கோள்களின் பழைய சுற்றுப்பாதை எண்கள் இணையச் சேமிப்பில் கிடைக்கின்றன. அவற்றை வைத்து எந்தத் துணைக்கோள் எந்த நிமிடம் நம் தலைக்கு மேல் வந்தது என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கோப்பின் நேரத்தையும் திருத்தலாம் என்றார். சோதனையாக ஒரு மாதப் பதிவுகளைச் செய்தும் காட்டினார். அந்த நள்ளிரவு வெயிலை இரண்டு நொடியில் பிடித்துவிட்டது அவருடைய நிரல். எனக்கு ஒரு மாலை ஆனது என்று அவரிடம் சொல்லவில்லை.

நான்காவது, 2019 செப்டம்பர் புகைமூட்டத்தின்போது நாம் எடுத்த படங்களில் புகையையும் மேகத்தையும் பிரிக்க முடியுமா என்று பார்ப்பது. நல்ல யோசனை. ஆனால் அந்த மாதப் பதிவுகள் மூன்று பேருடைய மடிக்கணினிகளில் இருக்கின்றன. மூவரும் இந்த ஆண்டு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. மூவரில் இருவர் சந்தாவும் கட்டவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் இதைப் படிக்கவும் போவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, கவலைப்படும் அளவுக்கு இல்லை. சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய இரண்டு வன்தட்டுகள் பற்றிக் கேள்வி எழுந்ததாக அறிகிறேன். ஒன்று என் வீட்டில், மற்றது பொருளாளர் வீட்டுச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில். ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் இன்னொன்று பிழைக்கும். ரசீது இருக்கிறது. ஆண்டுச் சந்தா 24 வெள்ளி, மாதத்துக்கு இரண்டு வெள்ளி. பேநவ்வில் அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது.

இடம் தந்த சமூக மன்றத்தாருக்கும், கிரகண இரவில் தே தாரிக் கொண்டுவந்த குடும்பத்தாருக்கும், ஏழு கூட்டத்துக்கும் வந்த தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ரஷ்யாவின் மீட்டியோர்-எம் துணைக்கோள்களுக்கு மாறலாம். அவற்றின் சமிக்ஞை டிஜிட்டல். கம்பி திரும்பிச் சமிக்ஞை குறைந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓட்டை விழும். ஆகவே சாய்வாகப் பிடித்துக்கொண்டு அரட்டை அடிக்க முடியாது. இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே விவரத்தைப் படத்தோடு எழுதுவோம். அதற்கான படிவத்தை அந்த இளைய உறுப்பினரும் நானும் தயார் செய்துவிட்டோம்.

செயலாளர் பொறுப்புக்கு இன்று தேர்தல். மனுத் தாக்கல் செய்தவர் யாருமில்லை என்று தலைவர் சொன்னார். எனக்கு முதுகு வலி இருக்கிறது, வீட்டிலும் பேச்சு கேட்கிறேன். ஆனால் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் என் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன். 2019 பதிவுகள் யாரிடமாவது இருந்தால் அங்கேயே நகலெடுத்துக்கொள்கிறேன், பத்து நிமிட வேலை. அந்த மூவருக்கும் தெரிந்தவர்கள் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். சந்தா பற்றி நான் கேட்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள்.

இவண்,
செயலாளர்