பங்காளி வீட்டுப் பத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பிரான்ஸ் பயணத் தொடரில், ‘ஷாம்போர் மாளிகையைக் கட்டியவர் போர்பன் வம்சத்து மன்னர் முதலாம் பிரான்சுவா’ என்று ஒரு வரி. அதைப் படித்ததில் என் காலைக் காபி ஆறியதுதான் மிச்சம். பிரான்சுவா ‘வலுவா’ என்ற வம்சம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர் இறந்தது 1547இல். நீங்கள் எழுதிய வம்சத்தின் முதல் ராஜா நான்காம் ஆன்ரி (நீங்கள் ஹென்றி என்பீர்கள்) பட்டத்துக்கு வந்தது 1589இல். இரண்டு வம்சமுமே பழைய பிரெஞ்சு ராஜா ஊக் காப்பே வழி வந்த கிளைகள்தான், ஒத்துக்கொள்கிறேன். பங்காளி என்பதற்காக ஒருவர் வீட்டை இன்னொருவர் பெயரில் பத்திரம் எழுதிவிட முடியுமா? அப்புறம், ‘போர்பன்’ என்பது மதுபாட்டில். வம்சத்தின் பெயர் பூர்போன்.

படத்துக்குக் கீழே ‘கூரையில் முதலைச் சிற்பம்’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் முதலை ஐயா நெருப்புக் கக்கும்? அது சலமாண்டர், பிரான்சுவாவின் சின்னம். பார்க்கப் பல்லி ஜாடையில் இருக்கும். தீயிலும் வேகாது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். 2011இல் நானும் மனைவியும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். அங்கே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டில் அவள் ஒன்றிலும் நான் மற்றதிலும் ஏறினோம். நடுத் தூணின் திறப்பு வழியே அவள் சிரிப்பது தெரிகிறது, மாடிக்குப் போகும்வரை கைக்கு எட்டவில்லை. உங்கள் கட்டுரையாளர் அந்தப் படியை அரை வரியில் தாண்டிவிட்டார். நேரில் ஏறியவர் அப்படித் தாண்டுவாரா?

இது புதிதுமல்ல. மூன்று வருடம் முன்பு, ‘ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்’ என்று பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் சொன்னதாகப் பெட்டிச் செய்தி போட்டீர்கள். எழுத்தாளர் ரூசோ அந்தக் கதையை எழுதியபோது ராணி ஆஸ்திரியாவில் சிறுமி. ரூசோ யார் பெயரையும் சொல்லவும் இல்லை. அப்போதும் இரண்டு பக்கம் எழுதினேன். நீங்கள் பிரசுரித்தது அதன் முதல் வரியை மட்டும்: ‘இதழ் அருமை.’

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குப் புதுச்சேரியில் பஞ்சமா? இங்கிருந்த கோட்டைக்கே பிரெஞ்சு ராஜா லூயியின் பெயர்தான். ஒரு போன் போட்டிருந்தால் காசில்லாமல் சொல்லியிருப்பேன்.

அடுத்த இதழில் ‘வெர்செயில்ஸ்’ அரண்மனை என்று அறிவித்திருக்கிறீர்கள். வெர்சாய் என்று எழுதினால் புண்ணியமாகப் போகும். பதினான்காம் லூயி அதை வெறுங்காட்டில் எழுப்பினார் என்றும் எழுதிவிட வேண்டாம். அவருடைய அப்பா பதின்மூன்றாம் லூயி 1623இல் வேட்டைக்காகக் கட்டத் தொடங்கிய வீடுதான் அதற்கு ஆரம்பம். மகன் அரசவையோடு அங்கே குடிபோனது 1682இல்.

மற்றபடி, ‘போர்பன் அல்ல, வலுவா’ என்று ஒரு மூலையில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இந்தக் கடிதத்தில் இதழ் அருமை என்று நான் சொல்லவில்லை, கவனிக்கவும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
புதுச்சேரி